ஒன்பதாம் பாசேஜில் வளர்ந்தது யாருடைய உயிரணு? பினாங்கு ஆய்வகமொன்றின் நிகழ்வு ஆய்வு

மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில் எங்கள் கைக்கு வந்த இரண்டு பக்க அறிக்கை, எட்டு மாதங்களாக நாங்கள் பேணி வளர்த்த உயிரணுக்கள் எங்கள் நோயாளியுடையவை அல்ல என்று கூறியது. அவருடைய கல்லீரல் கட்டியிலிருந்து உருவாக்கியதாக நாங்கள் நம்பிய வளர்ப்பின் எஸ்.டி.ஆர். மரபணு அடையாளம், அவருடைய இரத்தத்தோடு பொருந்தாமல் ஹூ-7 என்ற பழைய உயிரணுத் தொடரோடு பொருந்தியிருந்தது. அந்தத் தொடர் 1982இல் ஜப்பானின் ஒக்காயாமாவில் 57 வயது ஆண் ஒருவரின் கட்டியிலிருந்து உருவாக்கப்பட்டது. எங்கள் ஆய்வகத்திலும் அது இருந்தது. ஹெப்பாடைடிஸ் சி தொடர்பான வேறொரு வேலைக்காக உயிரணுக்களை உடல் வெப்பத்தில் வைத்து வளர்க்கும் அதே இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. அது எப்படி மேல்தட்டுக்கு வந்தது, வந்ததற்கான அறிகுறிகளைக் கண்டும் நாங்கள் ஏன் அவற்றுக்கு வேறு காரணம் சொல்லிக்கொண்டோம், கடைசியில் எது மிஞ்சியது என்பதை இந்த ஆய்வு வரிசைப்படி பதிவு செய்கிறது. நோயாளியையும் ஆய்வகத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

ஏன் புதிதாக ஒன்று

செல் லைன் என்று ஆய்வகங்களில் வழங்கும் உயிரணுத் தொடர்கள் கல்லீரல் புற்றுநோய்க்குப் பல உண்டு. ஆனால் ஹெப்பாடைடிஸ் பி வைரசை நோயாளியின் உடலிலிருந்தே தம் குரோமோசோம்களில் சுமந்து வந்தவை அவற்றில் ஒரு பகுதிதான். முதலில் பெயர்பெற்றது, ஜொகானஸ்பர்க்கில் ஜெனிஃபர் அலெக்சாண்டரும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் அறிவித்த பி.எல்.சி/பி.ஆர்.எஃப்/5. மொசாம்பிக்கைச் சேர்ந்த 24 வயது இளைஞரின் கட்டியிலிருந்து வந்த அந்த உயிரணுக்கள், வைரசின் மேலுறைப் புரதமான மேற்பரப்பு ஆன்டிஜனை, ஊட்டத் திரவமான வளர்ப்பு ஊடகத்தில் ஓயாமல் சுரந்தன. ஆனால் தொற்றக்கூடிய முழு வைரசை அவை உருவாக்கவில்லை. கட்டிக்குள் வைரசின் மரபணுத் துண்டுகள் மனித டி.என்.ஏ.வோடு பிணைந்து கிடக்கின்றன என்பதை ஆராய அது ஒரு நிலையான பொருளாயிற்று. அடுத்து 1979இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் ஆய்வகத்தில் ஹெப் 3பி, ஹெப் ஜி2 என்ற இரண்டும் பிறந்தன. எட்டு வயதுச் சிறுவனிடமிருந்து வந்த ஹெப் 3பியில் வைரசின் மரபணு உண்டு. அர்ஜெண்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவனிடமிருந்து வந்த ஹெப் ஜி2இல் இல்லை. இரண்டாவது, பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றே அன்று, குழந்தைகளுக்கு வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் திருத்தி எழுதப்பட்டது. உலகிலேயே அதிகம் பயன்படும் கல்லீரல் உயிரணுவின் பிறப்புச் சான்றிதழே பிழையாக இருந்தது என்பதை நாங்கள் வேடிக்கையாகப் பேசியிருக்கிறோம், எங்கள் முறை வரும் என்று தெரியாமல்.

இப்போது பல ஆய்வகங்கள் ஹெப் ஜி2க்குள் வைரசின் மரபணுவைச் செயற்கையாகச் செருகியும், வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் என்.டி.சி.பி. என்ற வாயிற் புரதத்தை அதன்மேல் ஏற்றியும் வேலை செய்கின்றன. அந்த வாயிலைப் பெய்ஜிங்கில் லீ வென்ஹூயின் குழு 2012இல் கண்டறிந்தது. மருந்துகளைச் சோதிக்க இவை போதும். முப்பது நாற்பது ஆண்டுகள் ஒருவரின் கல்லீரலில் குடியிருந்த வைரஸ் அங்கே என்னென்ன வெட்டி ஒட்டியது என்பதை அறிய, அப்படி வாழ்ந்த உயிரணுதான் வேண்டும். அலெக்சாண்டரின் தொடரில் இருப்பது ஏ வகை வைரஸ். கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் மிகுதியாகக் காணப்படுபவை பி, சி வகைகள். இந்தியாவில் டி வகை பரவலானது. பினாங்கில் ஒரே மருத்துவமனை வார்டில் இந்த மூன்று வகைகளும் சந்திக்கக்கூடும் என்பதால், இங்குள்ள நோயாளியிடமிருந்தே ஒரு தொடரை உருவாக்குவது பயனுடையது என்று கருதினோம்.

நோயாளியும் ஒப்புதலும்

அவர் செபராங் பிறையில் லாரி ஓட்டிய 58 வயதுக்காரர். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லாயத்தில் பிறந்தவர். மலேசியா பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது 1989இல். இவர் அதற்கு வெகுகாலம் முந்தியவர். தாயார் வயிற்றில் நீர் கோத்து (கல்லீரல் கெட்டதன் அறிகுறி அது) இறந்தார் என்று சொன்னதிலிருந்து, பிறப்பின்போதே தொற்றியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினர். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் 100இல் ஏறத்தாழ 90 பேருக்கு வைரஸ் நிலைத்துவிடும். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் 5 பேருக்கும் குறைவாகவே நிலைக்கும். அவருடைய கட்டி ஐந்து சென்டிமீட்டர் அளவில், அறுவை செய்து நீக்கக்கூடிய இடத்தில் இருந்தது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே வாசித்து விளக்கினேன். வெட்டி எறியப் போகும் கட்டியிலிருந்து ஒரு துண்டு, ஒப்பிடுவதற்காக ஒரு குழாய் இரத்தம், உயிரணுக்கள் காலவரையறையின்றி வளரக்கூடும் என்ற செய்தி, வேண்டாம் என்றால் சிகிச்சையில் எதுவும் குறையாது என்ற உறுதி ஆகியவை அதில் இருந்தன. எதில் வளர்ப்பீர்கள் என்று அவர் கேட்டபோது, சர்க்கரையும் உப்பும் அமினோ அமிலங்களும் கலந்த நீரில், அதோடு பத்துக்கு ஒரு பங்கு கன்றுக்கருவின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் என்று மறைக்காமல் சொன்னேன். பக்கத்திலிருந்த மனைவி முகத்தைச் சுளித்தார். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஐயாவுக்குப் பிறகும் ஐயா வளரணும்னா மாடு ஒத்தாசை பண்ணணும். நமக்கு அது புதுசாம்மா?" என்று மனைவியிடம் கேட்டபடியே கையெழுத்திட்டார். அந்த ஒரு குழாய் இரத்தம் இல்லாமல் இந்த ஆய்வில் எதுவும் தெரியவந்திருக்காது.

திசுவிலிருந்து வளர்ப்புக்கு

அறுவை செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நடந்தது. நோய்க்கூறு மருத்துவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, கட்டியின் விளிம்பிலிருந்து மொச்சைக்கொட்டை அளவுத் துண்டு ஒன்றைத் தந்தார். நடுப்பகுதி பெரும்பாலும் செத்துப்போன திசுவாகவே இருக்கும். அதை ஆன்டிபயாட்டிக் கலந்த குளிர் ஊடகத்தில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துப் பினாங்குப் பாலத்தின் மாலை நெரிசலில் ஊர்ந்து தீவுக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரமாயிற்று.

கிருமி புகாத கேபினட்டுக்குள் இரத்தம் தெளியும்வரை கழுவி, கொழுப்பையும் உறையையும் நீக்கி, இரண்டு அறுவைக் கத்திகளை எதிரெதிராக இழுத்து ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிதாக நறுக்கினோம். கொத்தக் கூடாது, அரியவேண்டும்; கொத்தினால் உயிரணுக்கள் நசுங்கும். பிறகு 37 டிகிரியில் கொலாஜினேஸ் நொதியில் நாற்பது நிமிடம் ஊறவைத்து, சல்லடையில் வடித்து, டிரிப்பன் நீலம் இட்டு எண்ணினோம். செத்த உயிரணு நீலம் குடிக்கும், உயிருள்ளது குடிக்காது. பாதிக்கு மேல் உயிரோடிருந்தன. கொலாஜன் பூசிய குடுவைகளில், 5 விழுக்காடு கரியமில வாயுவுள்ள இன்குபேட்டரில் வைத்தோம். வைரஸ் கலந்த திசு என்பதால், அதைத் தொட்ட அனைவரும் தடுப்பூசியின் மூன்று தவணைகளும் முடித்து, எதிர்ப்புச் சக்தியின் அளவைச் சோதித்தவர்கள்.

மூன்றாம் வாரத்தில், கட்டித் திசுவை வளர்ப்பவர்கள் எல்லாரும் சந்திக்கும் தொல்லை வந்தது. கட்டியோடு ஒட்டி வரும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத் திசு உயிரணுக்கள், சரியாகக் களையெடுக்காத தோட்டத்தில் லாலாங் புல் பரவுவது போலக் குடுவை முழுவதும் பரவின. அவற்றுக்கிடையே பலகோண வடிவில், விளிம்பு மின்ன, தீவுத் தீவாகக் கல்லீரல் உயிரணுக்கள் நின்றன. ஒட்டிய உயிரணுக்களைக் கழற்றும் டிரிப்சின் நொதியை மெல்லியதாக ஒரு நிமிடம் மட்டும் விட்டால் ஃபைப்ரோபிளாஸ்ட் முதலில் கழன்றுவிடும். தீவுகள் ஒட்டியே இருக்கும். கழன்றவற்றை உறிஞ்சி எறிந்து, குடுவையின் அடியில் பேனாவால் தீவுகளை வட்டமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தபடி வட்டத்துக்கு வெளியே இருப்பவற்றைப் பிப்பெட் முனையால் சுரண்டினோம். வாரம் இருமுறை என இதை இரண்டு மாதம் செய்தோம். ஒரு தீவை நகர்த்தாமல் அதன் கரையை மட்டும் சுரண்டுவதற்குக் கை பழக மூன்று குடுவைகள் வீணாயின.

ஜனவரி தொடக்கத்தில் நான்காம் பாசேஜ், அதாவது நான்காம் முறையாகப் பிரித்து வேறு குடுவைக்கு மாற்றிய கட்டம், முடிந்தது. உயிரணுக்கள் இரண்டாக ஏழு நாள் எடுத்தன. ஊடகத்தில், கல்லீரல் உயிரணுக்கள் சுரக்கும் புரதமான அல்புமினும், கல்லீரல் புற்றில் மிகும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனும், வைரசின் மேற்பரப்பு ஆன்டிஜனும் தெளிவாக இருந்தன. மூன்று குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்தோம். இதைச் செய்யவேண்டும் என்று வற்புறுத்தியவர் எங்கள் மூத்த தொழில்நுட்பர். வளர்ப்பே குறைவாக இருக்கும்போது எதற்கு என்று நான் தடுத்தேன்.

தைப்பூச வாரம்

அந்த மாதக் கடைசியில் தைப்பூசம். தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலைகள் அடைபட்டிருந்தன. ஆய்வகத்தில் பாதிப் பேர் விடுப்பு. உயிரணுக்களுக்கு விடுப்பு கிடையாது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்றியே ஆகவேண்டும். தேர் புறப்பட்ட மறுநாள் நான் ஒருத்தியாகவே வந்து, ஆய்வகத்திலிருந்த எல்லா வளர்ப்புகளுக்கும் ஒரே அமர்வில் ஊடகம் மாற்றினேன். என் குறிப்பேட்டில் அன்றைய வரி இப்படி இருக்கிறது: "முதலில் ஹூ-7, பிறகு நோயாளி, பா. 5. மீடியம் ஒரே பாட்டில்." எழுதியபோது அதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை.

மார்ச்சில் வளர்ப்பு வேகமெடுத்தது. ஏழு நாளில் இரண்டானவை மூன்று நாளிலும், ஏப்ரலில், ஒன்பதாம் பாசேஜில், ஒன்றரை நாளிலும் இரண்டாயின. உயிரணுக்கள் செயற்கைச் சூழலுக்குப் பழகிவிட்டன, தொடர் உருவாகிவிட்டது என்று மகிழ்ந்தோம். திசுவிலிருந்து நேரே தொடங்கிய முதன்மை வளர்ப்பு ஒன்று தேங்கி நின்று பிறகு திடீரென்று எழுவது உண்மையிலேயே நடக்கக்கூடியதுதான். அல்புமின் இருந்தது, ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் முன்னைவிட அதிகமாகவே இருந்தது. வளர்ப்புகளில் ஒளிந்து பரவும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்காக மாதந்தோறும் செய்த சோதனையிலும் குறையில்லை.

மேற்பரப்பு ஆன்டிஜன் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ஆறாம் பாசேஜில் குறைந்தது, ஏழில் மேலும் குறைந்தது, ஒன்பதில் இல்லை என்றே சொல்லவேண்டிய அளவு. வாராந்திரக் கூட்டத்தில் இதற்கு விளக்கம் சொன்னவள் நான்தான்: மனித டி.என்.ஏ.வோடு பிணைந்த வைரஸ் மரபணுவின்மேல் மீத்தைல் தொகுதிகள் படிந்து அதை ஊமையாக்கிவிடும் என்பது அறியப்பட்ட செய்தி, ஆகவே நாம் காண்பது அதுவாக இருக்கலாம் என்றேன். எல்லாரும் ஏற்றுக்கொண்டனர், ஒருவர் அதையே தனிக் கட்டுரையாக எழுதலாம் என்றார். இந்த நிகழ்வில் நான் மிகவும் வருந்துவது இந்த இடத்துக்குத்தான். விளக்கம் தவறான அறிவியல் அன்று. சரியான அறிவியலைத் தவறான உயிரணுவின்மேல் வைத்தோம். ஊமையானதா என்று கேட்பதற்கு முன்னால் மரபணு அங்கே இருக்கிறதா என்று பார்த்திருக்கவேண்டும். ஊமையாகியிருந்தால் ஆன்டிஜன் மறைந்தாலும் டி.என்.ஏ. இருக்கும், டி.என்.ஏ.வைப் பெருக்கித் தேடும், அரை நாளில் முடியும் ஒரு பி.சி.ஆர். சோதனை அதைச் சொல்லியிருக்கும்.

எஸ்.டி.ஆர். சோதனைக்கு மாதிரியை அனுப்பியதுகூட ஐயத்தால் அன்று. உயிரணுத் தொடர் பற்றிய கட்டுரைக்கு இதழ்கள் அதைக் கேட்கின்றன என்பதால் அனுப்பினோம்.

அறிக்கை சொன்னதும் கணக்கு சொன்னதும்

எஸ்.டி.ஆர். என்பது டி.என்.ஏ.வில் சில குறிப்பிட்ட இடங்களில் சிறு எழுத்துக்கோவை எத்தனை முறை அடுக்கடுக்காக வருகிறது என்று எண்ணுவது. குற்றவியல் துறையினர் ஆளை அடையாளம் காணப் பயன்படுத்தும் அதே முறை. ஒரே ஆளிடமிருந்து வந்த இரு மாதிரிகள் 80 விழுக்காட்டுக்கு மேல் பொருந்தவேண்டும் என்பது உயிரணுத் தொடர்களுக்கு வழக்கத்திலுள்ள அளவுகோல். எங்கள் ஒன்பதாம் பாசேஜ் நோயாளியின் இரத்தத்தோடு அதில் பாதிகூடப் பொருந்தவில்லை. ஒய் குரோமோசோமின் குறியும் இல்லை. ஆண்களின் கட்டிகள் ஒய் குரோமோசோமை இழப்பது சாதாரணம் என்பதால் அது மட்டுமே சான்றாகாது. தரவுத்தளத்தில் தேடியபோது ஹூ-7 முழுமையாகப் பொருந்தி நின்றது.

ஹூ-7 அல்புமினையும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனையும் தாராளமாகச் சுரக்கும். ஹெப்பாடைடிஸ் பி வைரசின் மரபணு அதில் கிடையாது. ஆகவே இது கல்லீரல் உயிரணுதானா என்று நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அது உண்மையான விடையே அளித்தது. யாருடைய கல்லீரல் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஒரு துளியில் இத்தனை நடக்குமா என்று ஐயுறுபவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நோயாளியின் உயிரணுக்கள் பத்தாயிரம் இருக்கும் குடுவையில் ஹூ-7 ஒன்றே ஒன்று விழுவதாகக் கொள்வோம். முந்தியவை ஏழு நாளுக்கு ஒருமுறை, பிந்தியது ஒன்றரை நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கட்டும். முப்பது நாளில் முந்தியவை ஏறத்தாழ 1,95,000 ஆகும். அந்த ஒற்றை உயிரணு இருபது முறை இரட்டித்து 10,48,000 ஆகியிருக்கும். ஒரே மாதத்தில் வந்த விருந்தாளி வீட்டுக்காரரைப் போல ஐந்து மடங்கு.

உறைந்திருந்த குப்பிகளைப் பின்னோக்கிச் சோதித்தோம். ஆறாம் பாசேஜ் குப்பியில், சோதனை வரைபடத்தில் ஓர் ஆளுக்கு மிஞ்சினால் இரண்டு முகடுகள் இருக்கவேண்டிய இடங்களில் மூன்றும் நான்கும் தெரிந்தன: இருவரின் கலவை. நான்காம் பாசேஜ் குப்பியில் நோயாளி மட்டுமே. ஒரே ஓர் இடத்தில் இரத்தத்தில் இரு முகடுகள் இருக்க, உயிரணுக்களில் ஒன்றுதான் இருந்தது. கட்டி தன் குரோமோசோம்களில் சில பகுதிகளை இழப்பதால் இப்படி வருவது எதிர்பார்க்கத்தக்கதே. ஆக, கலப்பு நான்காம், ஆறாம் பாசேஜ்களுக்கு இடையில் நடந்தது. தைப்பூச வாரத்துப் பாட்டில்தான் காரணம் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் இரண்டு வளர்ப்புகளும் ஒரே பாட்டிலைப் பகிர்ந்ததாகக் குறிப்பேட்டில் உள்ள நாள் அது ஒன்றுதான்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சாதாரணக் கல்லீரல் உயிரணு என்று பல பத்தாண்டுகள் விற்கப்பட்ட சாங் லிவர் என்பது, 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து வந்த ஹெலா உயிரணுதான். சீன ஆய்வகங்களில் கல்லீரல் புற்று உயிரணுவாகப் பெரிதும் பயன்பட்ட எஸ்.எம்.எம்.சி-7721, பெல்-7402 ஆகியவையும் அவ்வாறே ஹெலா என்று தெரியவந்தன. அவற்றை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

மாற்றியவையும் இன்றைய நிலையும்

ஊடகப் பாட்டில்கள் இப்போது வளர்ப்புக்கு ஒன்றாகச் சிறு அளவில் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் மூடியிலும் அதற்குரிய வண்ண நாடா. கேபினட்டில் ஒரு நேரத்தில் ஒரே வளர்ப்பு, அதுவும் மெதுவாக வளர்வது முதலில், வேகமாக வளர்வது கடைசியில். புதிய திசுவிலிருந்து வரும் வளர்ப்புகளுக்கு இரண்டாம் பாசேஜிலும் பிறகு ஐந்துக்கு ஒருமுறையும் எஸ்.டி.ஆர். செய்கிறோம். ஒரு சோதனைக்கு ஆகும் செலவு, எட்டு மாதம் வாங்கிய சீரத்தின் விலையில் சிறு பங்குகூட இல்லை.

நான்காம் பாசேஜின் மூன்று குப்பிகளில் ஒன்றைச் சோதனைகளுக்குச் செலவிட்டோம். அதில் வைரசின் மரபணு இருந்தது. இரண்டாவதை ஜூனில் உருக்கி, கொலாஜன் பூசிய ஒரே குடுவையில் இட்டோம். பதினொன்றாம் நாளில் நான்கு தீவுகள் ஒட்டியிருந்தன. இப்போது எட்டாம் பாசேஜில், ஆறு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. ஆன்டிஜன் நான்காம் பாசேஜின் அளவிலேயே நிற்கிறது; எஸ்.டி.ஆர். இரண்டு முறையும் நோயாளியின் இரத்தத்தோடு பொருந்தியது. குடுவையின்மேல் இன்னும் வளர்ப்பு என்றுதான் எழுதுகிறோம், தொடர் என்று எழுதவில்லை.

கடந்த மாதம் அவருடைய மகன் பெற்றோரோடு மருத்துவமனைக்கு வந்திருந்தபோது, அப்பாவின் உயிரணு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒப்புதல் படிவத்தின்படி எப்போது கேட்டாலும் சொல்லவேண்டியது எங்கள் கடமை. நடந்ததை முழுதும் சொன்னேன். "அப்போ அவ்வளவு நாளா ஜப்பான்காரரையா வளர்த்தீங்க, அக்கா?" என்றார். ஆமாம் தம்பி என்றேன்.

மூன்றாவது குப்பி நைட்ரஜன் தொட்டியில் இருக்கிறது. அதை எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும். அவர்களில் ஒருவர் அந்த மூத்த தொழில்நுட்பர்.